வலிப்பைத் தூண்டுவது எது என்று கண்டறியக் கற்றுத்தரும் ஆறு வார வகுப்பு: ஒரு மதிப்பீடு

கோயம்புத்தூரில் உள்ள ஒரு தனியார் நரம்பியல் மருத்துவமனை, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் சேர்த்து ஆறு வாரப் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்துகிறது. ஞாயிறு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை வகுப்பு. நோயாளியுடன் வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் வர வேண்டும். இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் 3,500 ரூபாய். அதிலேயே ஒரு நாட்குறிப்பேடும் பயிற்சிக் கையேடும் அடங்கும். ஒரு மருத்துவ உளவியலாளரும் ஒரு செவிலியரும் வகுப்பை நடத்துகிறார்கள். ஐந்தாம் வாரம் மட்டும் நரம்பியல் மருத்துவர் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். குறைகளையும் விரிவாகச் சொல்லப் போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எனக்கு இருப்பது நெற்றிப்பொட்டுப் பகுதி மூளையில் தொடங்கும் குவிய வலிப்பு, அதாவது மூளையின் ஓரிடத்திலிருந்து கிளம்பும் வகை. இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டும் முழுமையாக நிற்கவில்லை. என்னைப் போன்றவர்கள் குறைவு அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் புதிதாக வலிப்பு கண்டறியப்பட்ட 525 பேரைப் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மாத்திரையால் வலிப்பு முற்றிலும் நின்றவர்கள் 63 சதவீதம் பேர்தான். மீதமுள்ளவர்களிடம் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றே: மனசை அடக்கு, கோபப்படாதே, யோசிக்காதே, கத்தரிக்காய் சாப்பிடாதே. இந்த அறிவுரைகளில் எது உண்மை, எது வெறும் பேச்சு என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகவே இந்த வகுப்பில் சேர்ந்தேன். அந்த வேலையை வகுப்பு பெரும்பாலும் நன்றாகவே செய்கிறது. வலிப்பை நாமே கட்டுப்படுத்தலாம் என்ற பகுதியில்தான் கையில் இருக்கும் ஆதாரத்தைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கிறது.

முதல் வகுப்பில் காரணத்தையும் தூண்டலையும் பிரித்துக் காட்டினார்கள். பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது, தலையில் அடிபட்டது, நாடாப்புழுவின் கூடு மூளையில் தங்கி வடுவானது, மரபணு போன்றவை காரணங்கள். தூக்கம் கெட்டது, மாத்திரை தவறியது, காய்ச்சல், மது குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தியது போன்றவை தூண்டல்கள். காரணம் இல்லாத ஒருவர் ஓர் இரவு கண்விழித்தால் பெரும்பாலும் வெறும் தலைவலியோடு போய்விடும். காரணம் உள்ளவருக்கு அதே இரவு வலிப்பில் முடியலாம். இது எளிய விஷயம்தான். ஆனால் வகுப்பில் இருந்த ஒரு தாய், "நான் திட்டினதாலதான் இவனுக்கு இந்த நோயே வந்துச்சுன்னு இத்தனை வருஷம் நினைச்சுட்டிருந்தேன்" என்று சொன்னபோது, இதை ஏன் முதலிலேயே வைத்தார்கள் என்பது விளங்கியது.

வகுப்பின் உயிர் அந்த நாட்குறிப்பேடுதான். வலிப்பு வந்த நாளை மட்டும் காலண்டரில் வட்டமிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு; மருத்துவரும் அதைப் பார்த்து, போன மாதம் இரண்டு, இந்த மாதம் மூன்று என்று எண்ணிக்கொள்வார். இந்த ஏட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இருக்கிறது. படுத்த நேரம், எழுந்த நேரம், இரு வேளை மாத்திரையையும் உண்மையில் விழுங்கிய மணி, சாப்பாடு தள்ளிப்போனதா, காய்ச்சலோ சளியோ உண்டா, வேறு மாத்திரை ஏதேனும் போட்டதா, மனநெருக்கடி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, பெண்களுக்கு மாதவிடாய் எத்தனையாவது நாள் என்ற கட்டங்கள் அதில் உள்ளன. வலிப்புக்கான கட்டம் கடைசியில்தான் வருகிறது. வலிப்பு வராத நாளிலும் முழு வரியையும் நிரப்ப வேண்டும் என்பது கண்டிப்பான விதி; நிரப்பாமல் வந்தவர்களை உளவியலாளர் அங்கேயே உட்கார்ந்து நிரப்ப வைத்தார்.

ஏன் அப்படி என்பதை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. வலிப்பு வந்த நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று என்ன செய்தோம் என்று பின்னோக்கித் தேடினால், தேடுகிறவருக்கு ஏதாவது ஒன்று அகப்பட்டே தீரும். அன்று கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டிருப்போம், யாருடனாவது சண்டை போட்டிருப்போம், வெயிலில் அலைந்திருப்போம். அதே குழம்பும் சண்டையும் வெயிலும் வலிப்பு வராத எத்தனையோ நாட்களிலும் இருந்தன என்பது ஏட்டில் எழுதியிருந்தால்தான் தெரியும். வகுப்பில் ஒரு பெரியவருக்கு அமாவாசைதோறும் வலிப்பு வருவதாக வீட்டில் உறுதியாக நம்பினார்கள். அவருடைய ஏட்டில் இரண்டு அமாவாசைகள் வந்த பக்கங்களைச் செவிலியர் எல்லோர் முன்னாலும் விரித்து, மாத்திரைக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்கு விழுங்கிய மாத்திரை, அமாவாசை அன்று மட்டும் தர்ப்பணமும் படையலும் முடிந்து மதியம் ஒன்றரைக்கு விழுங்கப்பட்டிருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது என்று யாரோ சொன்னதால் விரதம் முடியும்வரை காத்திருந்திருக்கிறார். விரதத்தை விட வேண்டாம், மாத்திரையை மட்டும் தண்ணீருடன் எட்டு மணிக்கே விழுங்குங்கள் என்று மருத்துவர் சொன்னதும், பெரியவரின் மனைவி நிலவின் மேலிருந்த பழியைக் கணவர் மேல் திருப்பிவிட்டார், வகுப்பே சிரித்தது.

தூண்டல் போலத் தோன்றுவது சில நேரம் வலிப்பின் முன்னோட்டமாகவே இருக்கலாம் என்பதும் இந்தப் பகுதியில் சொல்லப்பட்டது. சிலருக்கு வலிப்புக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே எரிச்சல், சோர்வு, கவனச் சிதறல் ஆகியவை தொடங்கிவிடும். அந்த எரிச்சலில் வீட்டில் சண்டை நடக்கும். பிறகு வலிப்பு வந்ததும், சண்டையால்தான் வந்தது என்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள். எது முந்தியது என்பதை ஏடு எப்போதும் தீர்த்துவைக்காது. ஆனாலும் அவசரத் தீர்ப்பைத் தடுக்கும்.

ஏட்டுக்கும் எல்லை உண்டு என்பதை வகுப்பில் சொல்லாமல் விட்டது ஒரு குறை. ஜெர்மனியின் பான் நகரில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனையில் காணொளியுடன் கூடிய இஇஜி (மூளையின் மின்செயல்பாட்டைப் பதியும் கருவி) கண்காணிப்பில் இருந்த நோயாளிகளிடமே குறிப்பெடுக்கச் சொன்னார்கள். கருவியில் பதிவான வலிப்புகளில் பாதிக்கு மேல் நோயாளிகளின் குறிப்பில் இல்லை. தூக்கத்தில் வந்தவற்றில் பெரும்பகுதி விடுபட்டிருந்தது. நினைவைத் துண்டிக்கும் ஒரு நோயைப் பற்றி நினைவிலிருந்து எழுதச் சொல்வதில் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்யும். வீட்டிலிருந்து ஒருவரைக் கட்டாயம் அழைத்து வரச் சொல்வதற்கு இதையே காரணமாகச் சொல்லியிருக்கலாம்.

மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும் மிக முக்கியமான தூண்டல்களில் அடங்கும். வகுப்பும் இவற்றுக்கே அதிக நேரம் ஒதுக்கியது. பலரும் சாப்பிடும் லெவெடிராசெட்டம் என்ற மருந்தின் அளவு பெரியவர்களின் ரத்தத்தில் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே இரவு எட்டு மணி மாத்திரையை மறந்து மறுநாள் காலை எட்டுக்குத்தான் அடுத்ததைப் போடுகிறவரின் உடலில், அந்த விடியற்காலை மருந்து மிகக் குறைவாகவே இருக்கும். செவிலியர் இதைக் கரும்பலகையில் ஒரு சரிவுக் கோடாக வரைந்து, கோடு தாழ்ந்த இடத்தில் சென்னையிலிருந்து வரும் இரவுப் பேருந்தைப் படமாகப் போட்டார். மாத்திரைப் பை பேருந்தின் அடியில் உள்ள சாமான் அறையில் இருக்கும், ஆள் மேலே இருக்கையில் தூங்காமல் வருவார். இரண்டு தூண்டல்களும் ஒரே இரவில் சேர்ந்துகொள்ளும். அதற்கு அவர் சொன்ன வழி, இரண்டு வேளை மாத்திரையைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ தனியாக எப்போதும் வைத்திருப்பதுதான்.

தூக்கம் பற்றிய பகுதியில் நம் ஊர் வழக்கங்களைத் தயக்கமின்றிப் பேசினார்கள். சிவராத்திரியும் வைகுண்ட ஏகாதசியும் கண்விழிப்புக்கு உரியவை. கல்யாண வீட்டில் முதல் நாள் இரவு யாரும் தூங்குவதில்லை. மில்லில் இரவு ஷிஃப்ட் மாறும் வாரம் உடம்பு தடுமாறும். குறிப்பாக, பதின்ம வயதில் தொடங்கும், கைகால் திடீரெனத் துள்ளும் ஒருவகை மயோகுளோனிக் வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவு மிகக் கடுமையான தூண்டல். வகுப்பில் இருந்த ஒரு கல்லூரி மாணவிக்கு அந்த வகைதான். தேர்வுக்குப் படித்துவிட்டு அதிகாலை எழுந்த நாட்களில் பல் துலக்கும் பிரஷ் கையிலிருந்து எகிறிப் போவதும் காபி டம்ளர் தெறித்து விழுவதும் உண்டாம். அலட்சியம், கவனமில்லை என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தத் துள்ளல்களும் வலிப்புதான், அவை தென்படும் காலையில் உடனே மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், அன்று வண்டி ஓட்டக்கூடாது என்று சொன்னபோது, அந்தப் பெண்ணின் அப்பா ஏட்டை வாங்கித் தன் கையால் எழுதிக்கொண்டார்.

தென்னிந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படும் ஒரு தூண்டலுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தது, இந்த வகுப்பை நான் பரிந்துரைக்க முக்கியமான ஒரு காரணம். சூடான தண்ணீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் விடாமல் ஊற்றிக் குளிக்கும்போது வரும் வலிப்பு அது. 1945இல் நியூசிலாந்திலிருந்து முதன்முதலாக இதைப் பற்றி எழுதப்பட்டாலும், உலகில் இது மிக அதிகமாகப் பதிவானது கர்நாடகத்திலும் அதையொட்டிய தென்னிந்தியப் பகுதிகளிலும்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பி. சதீஷ்சந்திராவும் அவருடைய குழுவினரும் இதை நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையிலான தண்ணீர், தலைக்கு ஊற்றுவது, அதுவும் வேகமாக ஊற்றுவது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பலருக்கு வருகிறது. எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் குளித்தது போல் இருக்கும் என்று பழகிய வீடுகளில் இது எவ்வளவு இயல்பாக நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியலன்று மட்டும் வலிப்பு வந்தால், எண்ணெயின் குளிர்ச்சி தலையில் ஏறிவிட்டது என்று சொல்லி அடுத்த வாரம் தண்ணீரை இன்னும் சூடாக்குகிறவர்களும் உண்டு.

இதற்கு வகுப்பில் சொன்ன வழிமுறை தெளிவாக இருந்தது. உடம்புக்கு எப்படியும் ஊற்றிக்கொள்ளலாம். தலைக்கு மட்டும் வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், சொம்பால் ஊற்றாமல் ஈரத்துண்டால் துடைத்தோ மெதுவாக நனைத்தோ கழுவுவது, உள்ளே தாழ்ப்பாள் போடாமல் இருப்பது. அப்படியும் வருகிறவர்களுக்கு, தலைக்குளியலுக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பு குளோபஸாம் என்ற வலிப்பு மாத்திரையை மட்டும் கொடுக்கும் முறையை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள்; அதை மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் செய்ய வேண்டும். சுயகட்டுப்பாடு என்ற சொல்லுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடமும் இதுதான். இந்த வகை நோயாளிகளில் சிலருக்கு வலிப்பின் தொடக்கத்தில் ஒருவித இன்ப உணர்வு வருகிறது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும், இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்ற உந்துதலில் கை சொம்பை விடாமல் ஊற்றிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பிடிவாதம் போலத் தெரியும். உளவியலாளர் இதைக் குற்றமாகப் பேசாமல், சொம்பைக் குளியலறையிலிருந்தே எடுத்துவிடுங்கள், தலைக்கு வேறொருவர் தண்ணீர் விடட்டும் என்று சூழ்நிலையை மாற்றும் வழியைச் சொன்னார். உந்துதல் எழுந்த பிறகு மனதோடு மல்லுக்கு நிற்பதைவிட, அது எழும் வாய்ப்பையே குறைப்பது எளிது. வகுப்பு முழுவதிலும் எனக்கு மிகப் பயன்பட்ட சிந்தனை இது.

தைலமும் கற்பூரமும் இதையடுத்து வந்தன. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் தாமஸ் மேத்யூவும் அவருடன் பணியாற்றியவர்களும் தென்னிந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் வலிப்புடன் வந்த 350 பேரிடம் விசாரித்ததில், 55 பேருக்கு யூகலிப்டஸ் அல்லது கற்பூரம் கலந்த தைலம், பாம், எண்ணெய் ஆகியவற்றின் பயன்பாட்டோடு வலிப்பு தொடர்புபட்டிருந்ததாக எழுதியிருக்கிறார்கள். தலைவலி வந்தால் நெற்றியில் பாம் தடவுவதும், சளி பிடித்தால் நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிப்பதும் நாம் யாரும் மருந்தாகக்கூடக் கணக்கில் எடுக்காத செயல்கள். ஏட்டில் இதற்கென்று ஒரு கட்டம் சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஓரத்தில் கோடு போட்டு எழுதிக்கொள்கிறேன். வலிநிவாரணியான டிரமடால், சில வகை ஆன்டிபயாட்டிக்குகள், தூக்கம் வரவழைக்கும் பழைய சளி மாத்திரைகள் ஆகியவையும் வலிப்பு எளிதில் வரும்படி செய்யலாம் என்பதால், மருந்துக் கடையில் எது வாங்கினாலும் வலிப்பு இருப்பதைச் சொல்லிவிட்டே வாங்க வேண்டும்.

ஒளியைப் பற்றி அதிக நேரம் பேசவில்லை, அது சரியும்கூட. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொலைக்காட்சித் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறிமாறி மின்னியதும், 600க்கு மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டதும் உலகம் அறிந்த செய்தி. அதிலிருந்து டிவியும் செல்போனும்தான் வலிப்பின் பகை என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து பேருக்கே ஒளி தூண்டலாகிறது. அவர்களும் மின்னும் ஒளியை எதிர்பாராமல் சந்தித்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு திரும்பிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும். மற்றவர்களுக்குச் செல்போன் செய்யும் கெடுதல் அது தின்னும் தூக்கம்தான்.

இவ்வளவு கவனமாக நடத்துகிறவர்கள் மூன்றாம் வாரம் ஒரு உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்தது எனக்கு ஏமாற்றம். பூசணி, கத்தரி, கருவாடு, குளிர்ந்த மோர் என்று தவிர்க்க வேண்டியவற்றை அடுக்கியிருந்தார்கள்; எதற்கும் ஆதாரம் இல்லை. கேட்டதற்கு, நோயாளிகள் எதிர்பார்க்கிறார்கள் என்று பதில் வந்தது. நேரத்துக்குச் சாப்பிடுவதும், நீண்ட நேரம் பட்டினி கிடக்காமல் இருப்பதும், மதுவைத் தவிர்ப்பதும் போதும் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் கொழுப்பை மிகக் கூட்டி மாவுச்சத்தை மிகக் குறைக்கும் கீட்டோஜெனிக் உணவுமுறை என்று ஒன்று உண்டு. அது வேறு கணக்கு, வீட்டில் தானாக முயலும் விஷயம் அல்ல.

நான்காம் வாரம் வந்தது, துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த பகுதி: வலிப்பைத் தொடக்கத்திலேயே நிறுத்தும் பயிற்சி. குவிய வலிப்பு உள்ளவர்களில் பலருக்கு முன்னறிகுறி ஒன்று வரும். எனக்கு அது மேல்வயிற்றிலிருந்து ஏதோ எழும்பித் தொண்டைக்கு வருவது போன்ற உணர்வு. சில நொடிகள் நீடிக்கும். வேறு சிலருக்கு இல்லாத நாற்றம், கையில் ஊறல், இப்போது நடப்பது ஏற்கெனவே நடந்தது போன்ற பிரமை. மருத்துவ நோக்கில் இந்த முன்னறிகுறியே ஒரு சிறு வலிப்புதான். மூளையின் ஒரு மூலையில் தொடங்கிய மின் அலை இன்னும் பரவவில்லை என்பதே அதன் பொருள். அந்தச் சில நொடிகளுக்குள் ஏதாவது செய்து பரவலைத் தடுக்க முடியுமா என்பது பழைய கேள்வி. 19ஆம் நூற்றாண்டு லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், கையில் தொடங்கி மேலேறும் வலிப்பைக் கையை இறுக்கிக் கட்டி நிறுத்தியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

உளவியலாளர் சொன்ன இன்னொரு வரலாறு வகுப்பு முழுவதையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. 1950களில் ராபர்ட் எஃப்ரான் என்ற மருத்துவரிடம் வந்த ஒரு பாடகிக்கு, இல்லாத நாற்றம் ஒன்று தெரிந்து அதைத் தொடர்ந்து வலிப்பு வரும். அந்த நேரத்தில் மல்லிகைச் சாரத்தை முகரச் சொன்னார் எஃப்ரான், வலிப்பு நின்றது. பிறகு மல்லிகையை முகரும்போதெல்லாம் ஒரு கைவளையலை உற்றுப் பார்க்கும்படி பழக்கினார். நாளடைவில் மல்லிகை இல்லாமல் வளையலைப் பார்த்தாலே போதும் என்றானது. கடைசியில் வளையலை மனதில் நினைத்தாலே வலிப்பு நின்றது. 1956, 1957ஆம் ஆண்டுகளில் இது மருத்துவ இதழில் வெளிவந்தது. கேட்ட மறுவாரமே பாதிப் பெண்கள் கைக்குட்டையில் மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டு வந்தார்கள் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அது ஒரே ஒரு நோயாளியின் கதை, நாற்றத்தில் தொடங்கும் வலிப்புக்கு மணத்தால் செய்த சிகிச்சை என்பதை அவர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

கற்றுக்கொடுத்த பயிற்சிகள் மூன்று. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது, மூச்சை மெதுவாக்குவது, முன்னறிகுறி தெரிந்த நொடியில் தன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு எதிரே இருக்கும் பொருளின் விவரங்களை உற்றுக் கவனிப்பது. மூச்சுப் பயிற்சியில் ஓர் எச்சரிக்கை சரியாகச் சொல்லப்பட்டது: வேகமாக மூச்சு வாங்குவதே சில வகை வலிப்புகளைத் தூண்டும், இஇஜி எடுக்கும்போது அப்படி மூச்சுவிடச் சொல்வதே அதற்காகத்தான், ஆகவே கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளை மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. எல்லோருக்கும் தளர்வுதான் மருந்து என்பதும் இல்லை. யோகோ நாகாயும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், தோலின் மின்கடத்தலைத் திரையில் பார்த்து உடலின் விழிப்பு நிலையை உயர்த்தப் பழகியவர்களுக்கே வலிப்பு குறைந்தது. மந்தமாக, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலிப்பு வருகிறவர்களுக்கு இது பொருந்தும். வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

துண்டுப் பிரசுரத்தில் "உங்கள் வலிப்பு உங்கள் கையில்" என்று போட்டிருக்கிறார்கள். ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. அமெரிக்காவில் ஷெரில் ஹாட்டும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட சோதனையில், மாத்திரைக்கு முழுதும் கட்டுப்படாத வலிப்பு உள்ள 66 பேரில் ஒரு பிரிவினர் தசைத் தளர்வுப் பயிற்சியையும் மறு பிரிவினர் கவனத்தை ஒருமுகப்படுத்திக் கைகால் அசைக்கும் எளிய பயிற்சியையும் செய்தார்கள். முதல் பிரிவில் வலிப்பு 29 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 25 சதவீதமும் குறைந்தது. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தளர்வுதான் பலன் தந்ததா, தினமும் ஒழுங்காக உட்கார்ந்ததும் ஏடு எழுதியதும்தான் பலன் தந்தனவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. டெல்லி எய்ம்ஸில் 160 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், உண்மையான யோகா செய்தவர்களுக்கு யோகா போலத் தோன்றும் அசைவுகளை மட்டும் செய்தவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. இவை நம்பிக்கை தருபவைதான். ஆனால் எல்லா ஆய்வுகளிலும் பயிற்சி மாத்திரையோடு சேர்ந்தே நடந்தது. மாத்திரையைக் குறைப்பதைப் பற்றி வகுப்பில் யாரும் பேசவில்லை என்பதை அவர்கள் பக்கம் நியாயமாகவே சொல்ல வேண்டும்.

என் அனுபவத்தில், பெயர் சொல்லி எதிரே இருப்பதை உற்றுப் பார்க்கும் முறையைச் செய்த சில முறை முன்னறிகுறி அதோடு அடங்கியது. ஆனால் நான் எதுவும் செய்யாத காலத்திலும் பல முன்னறிகுறிகள் தானாகவே அடங்கியிருக்கின்றன. ஆகவே நான் நிறுத்தினேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய பலன் வேறு: அந்த நொடிகளில் முன்பு பதறி எழுந்து ஓடுவேன்; இப்போது அடுப்பை, படிக்கட்டை, சாலையை விட்டு விலகித் தரையில் உட்காருவதே என் முதல் வேலையாகிவிட்டது.

வாக்குறுதி அதிகமாகும்போது, நிறைவேறாத பழி நோயாளியின் தலையில் விழுகிறது என்பதே என் முக்கியமான குறை. வீட்டில் இதன் விளைவை நேரே பார்த்தேன். நான்காம் வாரத்துக்குப் பிறகு ஒரு வலிப்பு வந்து தெளிந்ததும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை, அந்தப் பயிற்சியைச் செய்யலையா நீங்க?" என்பதுதான். அவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் மூளைக்குள் பொருத்திய கருவிகளின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, பலருடைய வலிப்பு வாய்ப்பு நாள், வாரம், மாதக் கணக்கில் தானாக ஏறி இறங்கும் சுழற்சி கொண்டது என்று காட்டியிருக்கிறது. தூங்கி, மாத்திரை போட்டு, எல்லாவற்றையும் சரியாகச் செய்த நாளிலும் வலிப்பு வரலாம். இந்த ஒரு செய்தியை வீட்டாருக்கான ஆறாம் வாரத்தில் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் போதும். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரேயைப் பயன்படுத்தி ஆம்புலன்ஸை அழையுங்கள் என்ற முதலுதவியை மிக அருமையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் இதை விட்டுவிட்டார்கள்.

நரம்பியல் மருத்துவர் வந்த ஐந்தாம் வாரம் ஒரு மனைவி எழுந்து, இவருக்கு வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் கோபம் தாங்க முடியவில்லை, தன்னைக் கட்டுப்படுத்தப் பயிற்சி உண்டா என்று கேட்டார். மருத்துவர் முதலில் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் உண்டாக்குவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. அளவை மாற்றவோ வேறு மருந்துக்குப் போகவோ வழி இருக்கிறது, தானாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். அந்தக் கணவர் அதுவரை தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

பெண்களுக்கான பகுதி மிகவும் போதவில்லை. மாதவிடாய்ச் சுழற்சியோடு வலிப்பு கூடும் மூன்று வடிவங்களை ஆண்ட்ரூ ஹெர்ட்சாக் 1997லேயே வகைப்படுத்திவிட்டார். ஏட்டிலும் அதற்குக் கட்டம் இருக்கிறது. ஆனால் ஆண்களும் மாமனார்களும் அமர்ந்திருந்த கூடத்தில் பத்து நிமிடத்தில் அதைச் சொல்லிமுடித்து, கேள்வி உண்டா என்றால் யார் கேட்பார்கள்? பினிட்டாய்ன், கார்பமாஸெபின் போன்ற வலிப்பு மாத்திரைகள் கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கும் என்பதும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதும் வகுப்பு முடிந்து படிக்கட்டில் நின்று என் மனைவி செவிலியரிடம் கேட்டபோதுதான் வந்தன. பெண்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இந்தக் குறை தீரும்.

கூடத்தின் வசதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் மாடி, லிஃப்ட் இல்லை. வலிப்பு உள்ளவர்களைக் கைப்பிடி தளர்ந்த படிக்கட்டில் ஏற்றுவது விந்தைதான். இரண்டு வாரம் ஒரு டியூப்லைட் படபடத்துக்கொண்டே இருந்தது. ஒளி பற்றிய பாடத்தன்று அந்தக் கல்லூரி மாணவிதான் எழுந்து போய் அதை அணைத்தாள். தரையில் பாய் விரித்திருந்ததும், ஒருவருக்கு நடுவில் வலிப்பு வந்தபோது யாரும் சூழ்ந்து நிற்காமல் செவிலியர் அமைதியாகக் கையாண்டதும் பாராட்டத்தக்கவை.

குவிய வலிப்பு உள்ளவர்கள், மாத்திரை போட்டும் வலிப்பு நிற்காதவர்கள், தலைக்குளியலின்போது மட்டும் வலிப்பு வருகிறவர்கள், மயோகுளோனிக் வகை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோர் தாராளமாகச் சேரலாம். நோய் இன்னதென்றே இன்னும் உறுதியாகாதவர்கள் முதலில் இஇஜி, எம்ஆர்ஐ எடுத்து மருத்துவரிடம் தெளிவு பெற்ற பிறகு வருவது நல்லது. பல ஆண்டுகளாக வலிப்பே இல்லாமல் இருப்பவர்களுக்கு 3,500 ரூபாய் செலவு தேவையில்லை. நாட்குறிப்பேடு மட்டும் மருந்தகத்தில் 80 ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கி முதல் பக்கத்து விளக்கத்தைப் படித்துவிட்டு, இரண்டு மாதம் விடாமல் நிரப்பி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கையோடு எடுத்துப் போகலாம்.